டாமுக்கு மேல் ஒரு விரல்

டிரம் செட்டில் டாம் என்று மூன்று மேளங்கள் உண்டு. இரண்டு சின்னது, வாசிக்கிறவரின் மார்புக்கு நேராகச் சாய்ந்திருக்கும். ஒன்று பெரியது, அவருடைய வலது முழங்காலுக்குப் பக்கத்தில் மூன்று கால் ஊன்றித் தரையில் நிற்கும். பாட்டில் ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்குள் தடதடவென்று ஒரு உருட்டல் கேட்குமே, அது இந்த மூன்றிலும் மாறி மாறி விழுகிற அடிதான். இந்த மூன்றுக்கும் மைக் வைக்கிற வேலையை முப்பது வருஷத்துக்கு மேல் செய்தவள் நான். புதுச்சேரியில் இந்த வேலையைச் செய்த பொம்பளை வேறு யாராவது இருந்தால் எனக்குத் தெரியாது. இருந்தாலும் என் அளவுக்குச் செய்திருக்க மாட்டாள்.

அளவு இரண்டு விரல். தோலுக்கும் மைக்கின் மூக்குக்கும் நடுவில் என் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வேண்டும். மைக்கை மேளத்தின் வளையத்தில் கிளிப் போட்டு மாட்டுவேன், குச்சி வராத பக்கமாக. மூக்கு தோலின் நடுவைப் பார்த்துக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ஓரத்தைப் பார்த்தால் குடத்தைத் தட்டினது போல ணங்கென்று இழுக்கும். நிமிர்ந்து நின்றால் மேலே தொங்குகிற சிம்பல் தட்டின் சத்தமெல்லாம் உள்ளே வந்து கொட்டும். அதனால் மைக்கின் முதுகு எப்போதும் சிம்பலைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும். பெரிய டாமுக்கு மட்டும் மூன்று விரல். அதற்கு மூச்சு விட இடம் வேண்டும்.

இதை எனக்கு ஒருத்தரும் சொல்லிக் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் முதலியார்பேட்டையில் மைக் செட் கடை வைத்திருந்தார். கோயில் விழா, கட்சிக் கூட்டம், காதுகுத்து, எல்லாவற்றுக்கும் மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அவர் திடீரென்று போனபோது கடையை மூடிவிடு என்று என் பக்கத்துச் சொந்தம், அவர் பக்கத்துச் சொந்தம் இரண்டும் ஒரே குரலில் சொன்னது. அவர்கள் ஒன்றுசேர்ந்து பேசியது அந்த ஒரு விஷயத்தில்தான். நான் மூடவில்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். மைக் சத்தத்தையெல்லாம் கலக்குகிற மிக்சரில் ஒவ்வொரு திருகுக்குக் கீழேயும் இங்கிலீஷில் ஏதோ எழுதியிருக்கும். அது என்ன எழுத்து என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திருகினால் என்ன ஆகும் என்று தெரியும், அது போதும். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன், மெதுவாகத்தான் போகும். எனக்கு ஒன்றும் அவசரமில்லை.

ஒரு கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தர், பொம்பளை கையில் மைக்கா, விளங்கினாற்போலத்தான் என்று என் காதுபடவே சொன்னார். "மைக்குக்கு மீசையெல்லாம் தெரியாதுண்ணே, சத்தம்தான் தெரியும்" என்றேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டே பந்திக்குப் போனார். அந்தக் காலத்திலிருந்து இந்தக் காலம் வரைக்கும் என் மைக்கில் குறை, என் வயரில் குறை என்று ஒரு மேடையிலும் ஒருத்தரும் சொன்னதில்லை. மைக் வயரில் இழுத்தால் விட்டுப்போகிற ஒட்டு ஒன்றுகூட இருக்காது. எல்லாவற்றையும் நானே ஈயம் வைத்து ஒட்டி, நானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் சுருட்டி வைப்பேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இந்தப் பெருமையால் என்ன ஆனது என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

நான் மைக் வைத்த டிரம் செட்டை வாசித்தவன் என் கூடப்பிறந்த தம்பி. என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். எங்கள் அப்பா மில்லில் வேலை செய்தார். மில் நின்றுபோன பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தார். இவன் படிப்பை விட்டுவிட்டுச் சாவு ஊர்வலத்துக்குப் போகிற பேண்டில் சைடு டிரம் தட்டப் போனான். அப்புறம் மெல்லிசை ட்ரூப் ஒன்றில் சேர்ந்து டிரம் செட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு தடவை பெண் பார்த்தோம், இரண்டு தடவையும் அன்றைக்கு ப்ரோக்ராம் இருந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு என்னோடு வந்து தங்கினான். கடையில் அவனுக்கு வேலை இல்லை, வீட்டிலும் பெரிதாக வேலை இல்லை. அவன் யார் என்று கேட்டால் அந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற ஆள், அவ்வளவுதான். அதைத் தவிர அவனுக்கு இந்த ஊரில் இடம் என்று ஒன்று கிடையாது.

அந்த ஸ்டூல் போய்விடக் கூடிய ஸ்டூல்தான். ட்ரூப் ஓனர் நல்ல மனுஷன், பழைய பாட்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார். ஆனால் தபேலா வாசித்தவருக்கு முதுகு வலி வந்து இரண்டு ப்ரோக்ராம் தவறியபோது, கீபோர்டுக்காரரிடம் ஒரு பேட் வாங்கிக் கொடுத்துவிட்டார். சின்னச் சதுரப் பலகை மாதிரி இருக்கும், தட்டினால் தபேலா கேட்கும், இன்னொரு பட்டனை அழுத்தினால் டிரம் செட்டும் கேட்கும். தபேலாக்காரர் முதுகு சரியாகித் திரும்பி வந்தார். அவருக்கு உட்கார இடம் இல்லை. மரியாதையாகக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றைக்கு என் தம்பி அந்தப் பலகையை எட்டிப் பார்த்துவிட்டு, இதுக்கு மைக் எங்கேக்கா வைப்பே என்று என்னைக் கேட்டான். வைக்க வேண்டாம், வயர் நேராக மிக்சருக்குப் போகிறது என்றேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் உழவர்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். நான் மிக்சரிடம் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் ஒரு உருட்டல் வந்தது. ஆறு அடி விழ வேண்டும். நாலாவது அடி தேய்ந்து போயிருந்தது. அடுத்த உருட்டலில் இரண்டாவதும் நாலாவதும் தேய்ந்திருந்தது. முதலில் நான் சந்தேகப்பட்டது வயரைத்தான். இடைவேளையில் குனிந்து போய் வயரை இழுத்துப் பார்த்தேன், மைக்கை விரலால் தட்டிப் பார்த்தேன். எல்லாம் கல்லு மாதிரி இருந்தது. அப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். இரண்டாவது, நாலாவது, ஆறாவது, இந்த மூன்றும் இடது கை அடி.

சாமான்களை ஏற்றிக்கொண்டு குட்டியானை வண்டியில் திரும்பும்போது கேட்டேன்.

"உன் இடது கைக்கு என்னாடா?"

"ஒண்ணுமில்லையே."

"நாலாவது அடி சரியா வரலை."

"உன் காதுக்கு வயசாயிடுச்சுக்கா."

"என் காதுக்கு வயசாச்சுன்னா மூணாவது அடியும்தான கேட்டிருக்கக் கூடாது?"

சிரித்தான். சிரித்துக்கொண்டே இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அப்படி வைத்துக்கொண்ட பிறகும் முழங்கை ஆடியது.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூளையிலிருந்து வருகிற நடுக்கம் என்றார் டாக்டர். மாத்திரை போட்டால் மெதுவாக ஏறும், போடாவிட்டால் வேகமாக ஏறும், ஏறாமல் இருக்காது என்று சொன்னார். நல்ல டாக்டர், பொய் சொல்லத் தெரியவில்லை. தம்பி சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஓனரிடம் சொல்லாதே என்று மட்டும் வெளியில் வந்து சொன்னான். சொல்ல மாட்டேன் என்றேன்.

அடுத்த ப்ரோக்ராமில் நான் முப்பது வருஷத்து அளவை மாற்றினேன். இரண்டு விரலை ஒரு விரலாக்கினேன். அதோடு விடவில்லை. அவன் சும்மா தட்டிப் பார்க்கும்போது இடது குச்சி தோலில் எங்கே விழுகிறது என்று பார்த்துவைத்துக்கொண்டேன். நடுவிலிருந்து கொஞ்சம் இடது பக்கமாக விழுந்தது. மைக்கின் மூக்கை நடுவைப் பார்க்காமல் அந்த இடத்தைப் பார்க்கிற மாதிரி திருப்பினேன். இடது கை மெல்ல அடிப்பது பக்கத்தில் இருப்பதால் பெரிதாகக் கேட்கும், வலது கை ஓங்கி அடிப்பது தள்ளியிருப்பதால் சின்னதாகக் கேட்கும். இரண்டும் ஒன்றாகிவிடும். மைக் தோலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தால் அடியில் ஒரு கனம் வேறு சேரும், வயிற்றில் இடிக்கிற மாதிரி. மூன்று டாமுக்கும் அப்படியே செய்தேன். மண்டபத்தில் ஆட்கள் பேசுவார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள், பேஸ் கிதார் உறுமும், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் யாருக்கு என்ன தெரியப் போகிறது?

அவன் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து மைக்கைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். பிறகு ஸ்டூலைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டான். எங்களுக்குள் அதைப் பற்றி நடந்த பேச்சு அவ்வளவுதான்.

ஒரு தடவை குச்சி மைக்கின் மேலேயே பட்டு மண்டபமே திடுக்கிட்டது. மணப்பெண்ணின் கையிலிருந்த மாலை கீழே விழுந்துவிட்டது. கூட்டத்தில் யாரோ, டிரம்ஸ்காரருக்குப் பசி வந்துடுச்சு, சீக்கிரம் சோறு போடுங்க என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள், தம்பியும் குச்சியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அடுத்த பாட்டுக்குள் குனிந்து போய் மைக்கை ஒரு நூல் திருப்பி வைத்துவிட்டு வந்தேன். மற்றபடி ஒன்றரை வருஷம் இப்படி ஓட்டினோம். ஓனருக்கு ஒரே ஆச்சரியம்.

"என்னாக்கா, உங்க தம்பிக்கு வயசு ஏற ஏற அடி கனக்குது? கேழ்வரகுக் கூழா ஊத்துறீங்க?"

"ஒங்களுக்கும் ஊத்துறேன், குரல் கனக்குதான்னு பாப்போம்" என்றேன்.

சொல்லிவிட்டு மிக்சர் பக்கம் திரும்பிக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்திருந்தது. தம்பியைக் காப்பாற்றிவிட்டேன் என்று மட்டும் குளிர்ந்திருந்தால் பரவாயில்லை. இப்படி ஒரு மைக்கை வைக்க இந்த ஊரில் எவனுக்கு வரும் என்று குளிர்ந்திருந்தது.

அப்புறம் ஒரு சொல்தா வீட்டுக் கல்யாணம் வந்தது. தாத்தா காலத்தில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த குடும்பம், பாதிப் பேர் பாரிசில். பேரப்பிள்ளைகள் எல்லாம் அங்கிருந்து வந்திருந்தார்கள். தமிழ்ப் பாட்டுக்கு அவர்கள் ஆடின ஆட்டத்தில் மேடையே அசைந்தது. அன்றைக்குத் தம்பியின் கை கொஞ்சம் நன்றாக இருந்தது. மாத்திரை சில நாள் அப்படி வேலை செய்யும். முடிந்ததும் வீட்டுப் பெரியவர் மேடைக்கு ஏறி வந்து, தம்பியின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். கை அவருடைய கைக்குள் நடுங்கியதை அவர் கூச்சம் என்று நினைத்திருப்பார்.

அந்தப் பெரியவரின் மகன்தான், உங்கள் ட்ரூப் பாட்டு நாலைந்தை நல்லபடியாக ரெக்கார்டிங் செய்து அனுப்புங்கள், அங்கே எங்கள் ஆட்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன், ப்ரோக்ராமுக்குக் கூப்பிட வைக்கிறேன் என்று ஓனரிடம் சொன்னது. ஓனருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் புதிதாக ஸ்டுடியோ இருக்கிறது, அங்கே போகலாம் என்று நாள் குறித்துவிட்டார். டிரம் செட்டுக்கு நான்தான் மைக் வைப்பேன் என்று நானாகவே சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

முதல் நாள் சாயந்திரம் மைக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து நின்றான்.

"ரெக்கார்டிங்குக்கு நீ வரணுமாக்கா?"

"ஏன், வந்தா உனக்கு என்னா?"

"ஒண்ணுமில்ல. அவங்களே வெச்சுக்குவாங்களேன்னுதான்."

எனக்கு முழங்கால் வலி, மாடி ஏற வேண்டும், அதற்காகச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். முழங்காலெல்லாம் ஏறும் என்று சொல்லிவிட்டு அடுத்த மைக்கை எடுத்தேன். அவன் உள்ளே போனான். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முப்பது வருஷம் மைக் வைத்த எனக்குத் தெரியவில்லை.

அந்த ஸ்டுடியோ அறையைப் போல ஒரு அமைதியில் நான் அதற்கு முன்னால் நின்றதே இல்லை. சுவர் முழுக்க ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தார்கள். பேசினால் வார்த்தை வாயை விட்டு வந்ததும் செத்துப்போனது. நடத்துகிறவருக்கு முப்பது வயது இருக்கும், சென்னையில் போய் இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர். மரியாதை தெரிந்த பிள்ளை. நாங்கள் போகும்போதே டிரம் செட்டுக்குத் தலைக்கு மேலே உயரமான ஸ்டாண்டில் இரண்டு மைக், காலால் அடிக்கிற பெரிய டிரம்முக்கு ஒன்று, நடுவில் இருக்கிற ஸ்நேருக்கு ஒன்று, எல்லாம் வைத்துத் தயாராக இருந்தார். டாம் மூன்றும் மொட்டையாக இருந்தது.

டாமுக்கு எங்கே என்றேன். வேண்டாம் என்றார்.

"மேல இருக்கிற ரெண்டுமே எடுத்துக்கும்மா. நாம காதால கேக்குற மாதிரியே வரும். தனியா வெச்சா வேண்டாத சத்தமெல்லாம் வந்து சேரும்."

எனக்குச் சுருக்கென்றது. வேண்டாத சத்தம் என்று என் மைக்கைப் பார்த்துச் சொல்லிவிட்டாரே என்று. நான் வைத்தால் வேண்டாத சத்தம் வராது என்றேன். சரிம்மா, அப்ப ஒரு சாண் தள்ளியாவது வையுங்கள் என்றார். ஒரு சாண் தள்ளி வைப்பதற்கு நான் எதற்கு என்று கேட்டேன். ஓனர் நடுவில் வந்து சிரித்துக்கொண்டே அந்தப் பிள்ளையின் தோளைத் தட்டினார். "அக்கா கிட்ட போட்டி போடாதப்பா. இவங்க வெச்சா அது வெச்சதுதான்." அந்தப் பிள்ளை விட்டுக்கொடுத்தது.

பெட்டியைத் திறந்து மூன்று மைக்கையும் எடுத்து மாட்டினேன். என் சொந்த வயரைப் போட்டேன். ஒரு விரல் உயரம், இடது குச்சி விழுகிற இடத்தைப் பார்த்து. மேடையில் வைக்கிற மாதிரியே, அதைவிடச் சுத்தமாக. தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து குச்சியை எடுத்தான். நான் குனிந்திருந்தபோது என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"கொஞ்சம் தூக்கி வையேன்க்கா."

"நீ வாசி. நான் பார்த்துக்கிறேன்."

வாசித்தான். நன்றாகத்தான் வாசித்தான். மூன்று பாட்டு முடித்துவிட்டுக் கண்ணாடி அறைக்குள் போய் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம். ஓனர், கீபோர்டுக்காரர், தம்பி, நான். அந்தப் பிள்ளை கம்ப்யூட்டர் முன்னால். முதல் பாட்டு முழுசாக ஓடியது. உருட்டல் வந்த இடத்தில் ஓனர் தம்பியின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்தேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்புறம் அது, ஒவ்வொன்றாகத் தனியாகக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று சொல்லி ஒரு பட்டனை அழுத்தியது. பாட்டு மறைந்தது. கீபோர்டு மறைந்தது, குரல் மறைந்தது. முதல் டாம் மட்டும் தனியாக வந்தது. மேடையில் நான் அப்படிக் கேட்டதே இல்லை. மேடையில் ஒரு மைக்கை மட்டும் தனியாக நிறுத்திக் கேட்க நேரம் ஏது?

அடி விழுந்தது. கனமாக, நான் நினைத்த மாதிரியே. ஆனால் அடி விழுவதற்கு முன்னாலேயே குச்சி நுனி தோலை நாலைந்து தரம் தொட்டது. டிகடிகடிக என்று. அடி விழுந்து ஓய்ந்த பிறகும் தொட்டது. பாட்டில் டாம் வராத இடத்தில், அவன் கை சும்மா மேளத்தின் மேல் காத்திருந்த இடத்தில்கூட அது நிற்கவில்லை. நகத்தால் மூடியைத் தட்டுகிற மாதிரி, ஓயாமல். தலைக்கு மேலே இருந்த இரண்டு மைக்குக்கு அது எட்டியிருக்காது. ஒரு சாண் தள்ளி வைத்திருந்தால் எட்டியிருக்காது. ஒரு விரலில் இருந்த என் மைக் ஒன்றையும் விடவில்லை.

"என்ன இது?" என்று அந்தப் பிள்ளை திருப்பிப் போட்டுக் கேட்டது. மறுபடியும் கேட்டது. பிறகு என் பக்கம் திரும்பி, மரியாதையாகத்தான், சொன்னது.

"அம்மா, ஒங்க வயர் கொஞ்சம் பழசோ? கனெக்ஷன் விட்டு விட்டு வருது. இல்லன்னா மைக் உள்ள ஏதோ லூஸா ஆடுது. வேற மைக் போட்டு இன்னொரு தரம் எடுத்துடலாம், ஒண்ணும் பிரச்சனை இல்ல."

ஆமாம்ப்பா, பழைய வயர் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. பழைய வயர், நாற்பது தடவை மிதிபட்ட வயர், கழட்டிப் போடு, மேலே இருக்கிற இரண்டு மைக்கே போதும் என்று சொல்லியிருந்தால் மறுபடி எடுத்திருப்பார்கள், சாப்பிடப் போயிருப்போம். தம்பி என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடது கை மடியில், வலது கைக்கு அடியில் இருந்தது.

"என் வயர்ல ஒரு குறையும் கெடையாது" என்றேன். "என் மைக்ல எதுவும் ஆடாது. நம்பிக்கை இல்லன்னா நீயே கழட்டி மாட்டிப் பாரு."

அந்தப் பிள்ளை எழுந்து போய் மாட்டிப் பார்த்தது. என் வயரை இழுத்துப் பார்த்தது, சுத்தமாக இருந்தது. அதனுடைய வயரில் என் மைக்கை மாட்டி விரலால் தட்டியது, சுத்தமாக இருந்தது. மற்ற இரண்டையும் பார்த்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஆமாம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்கு, சாரி என்றது.

எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம். ஆனால் இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதற்கே நான் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளை உள்ளே வந்து, அப்ப இது எங்கேயிருந்து வருது என்று தனக்குத்தானே கேட்டபடி நாற்காலியில் உட்கார்ந்தது. கீபோர்டுக்காரர் முதலில் தம்பியின் மடியைப் பார்த்தார். அப்புறம் ஓனர் பார்த்தார். வலது கை இடது கையை அமுக்கிக்கொண்டிருந்தது, இரண்டுமே ஆடிக்கொண்டிருந்தது.

"கைதான்யா" என்றான் தம்பி. "ஒண்ணரை வருஷமா."

ஓனர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குப் பேசியிருப்பேன். தம்பிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சாப்பிட்டியா என்று கேட்டார். காலையில் எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். அந்தப் பிள்ளை, இதைச் சரி செய்துவிடலாம், ஒவ்வொரு அடிக்கும் பதிலாகக் கம்ப்யூட்டரில் இருக்கிற அடியை எடுத்து வைத்துவிடலாம் என்று சொன்னது. சொன்னபடியே செய்தது. ஃபிரான்சுக்குப் போன அந்தப் பாட்டுகளில் டாம் அடி எந்த ஊர் மேளமோ, யார் கையோ. கேட்கிறவர்களுக்கு நன்றாகத்தான் இருக்கும்.

என் மைக்குகளை நானே கழட்டிப் பெட்டியில் வைத்தேன். திரும்பி வரும்போது ஆட்டோ அஜந்தா சிக்னலில் நின்றது. தம்பி வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வயர்னு சொல்லியிருக்கலாம்க்கா."

அவன் அதைச் சொன்னது அந்த ஒரு தடவைதான். பதில் இல்லாமல் இல்லை. எப்படியும் ஒரு நாள் தெரிந்திருக்கும், ஆறு மாதத்தில் குச்சி கையில் நிற்காமல் போயிருக்கும் என்று சொல்லலாம். நிஜமும் அதுதான். இப்போது குச்சி அவன் கையில் நிற்காது. ஆனால் அந்த ஆறு மாதம் அவனுடையது. நான் எடுத்துக்கொடுப்பதற்கு அது என்னுடையது இல்லை.

நாலு நாள் கழித்து ஓனர் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். கை சரியாகிற வரைக்கும் நன்றாக ஓய்வெடு என்று தம்பியிடம் சொன்னார். இந்த வாரம் கீபோர்டுக்காரர் பேடில் பார்த்துக்கொள்கிறார் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"கை சரியானதும் வந்துடு. ஒன் ஸ்டூல் அப்படியே இருக்கும்."

"மடக்கி வெச்சிடுங்கண்ணே" என்றான் தம்பி. "வண்டில எடத்த அடைக்கும்."

ஓனர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அவரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தவன் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான். சாயந்திரம் நாலு மணி இருக்கும்.

அதற்குப் பிறகு அந்த ட்ரூப்புக்கு நான் போகவில்லை. பாட்டுக்காரருக்கு ஒரு மைக், கூடப் பாடுகிற பெண்ணுக்கு ஒரு மைக், இதற்கு நான் எதற்கு? வேறு யாராவது டிரம் செட்டுக்குக் கூப்பிட்டால் போகிறேன். ஒரு சர்ச் கொயருக்குப் போனேன். சின்னப் பெண் ஒருத்தி வாசித்தாள், இரண்டு கையும் ஒன்றுபோல விழுந்தது. இரண்டு விரல் அளவில் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன். அவள் நன்றாக வாசிக்கிறாள் என்று என் காதுக்குத் தெரிந்தது, எனக்குக் கேட்கப் பிடிக்கவில்லை. பாதியில் ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். சாமானை மறுநாள்தான் போய் எடுத்து வந்தேன்.

இப்போது அவனுக்கு வலது கையும் ஆரம்பித்துவிட்டது. விரலால் பிசைந்து சாப்பிட வரவில்லை, ஸ்பூனில்தான் சாப்பிடுகிறான். ஸ்பூன் எவர்சில்வர் தட்டில் பட்டுக்கொண்டே இருக்கும், சோறு எடுக்கும்போதும், எடுக்காதபோதும். முதலில் கொஞ்ச நாள் அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன். திரும்பாமல் இருக்க எனக்குத் தெரியவில்லை, இத்தனை வருஷத்துப் பழக்கம். அவன் அதைக் கவனித்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். வெயிலில்.

பிளாஸ்டிக் தட்டு வாங்கி வந்து வைத்தேன். அதை எடுத்துப் பார்த்துவிட்டு, குழந்தைக்கா என்று கேட்டு அலமாரிக்கு மேலே வைத்துவிட்டான்.

அதனால் இப்போது அவன் சாப்பிட உட்காரும் நேரத்துக்கு நான் டி.வி.யைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறேன். எது ஓடினாலும் சரி. பக்கத்து வீட்டு அம்மாள், என்னா உங்களுக்குக் காது போயிடுச்சா என்று சுவருக்கு மேலே எட்டிக் கேட்டாள். ஆமாம், போய்விட்டது என்று சொன்னேன். தம்பிக்கும் அது கேட்டது. அன்றையிலிருந்து அவன் கூடத்திலேயே, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். நான் டி.வி.யையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இரைச்சலுக்கு அடியில் ஸ்பூன் தட்டில் படுகிற ஒவ்வொரு தரமும் எனக்குக் கேட்கிறது.